இம்பெல்லர் ஏன் திக்கித் திக்கிச் சுழல்கிறது?

கோவையில் பம்பு செய்பவர்கள், தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரை இரண்டு இடங்களில் சுழற்றிப் பார்க்கிறார்கள். ஒன்று சோதனைக்கூடத் தொட்டி, மற்றொன்று கணினித் திரை. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது, மோட்டார் எத்தனை வாட் இழுக்கிறது என்று அளந்துவிடலாம். ஆனால் இறக்கைகளுக்கு நடுவே தண்ணீர் எங்கே சுழித்து நிற்கிறது, எந்த இடத்தில் அழுத்தம் விழுந்து குமிழி கிளம்புகிறது என்பதைத் தொட்டிக்கு வெளியே நின்று பார்க்க முடியாது. அதற்குத்தான் சிஎஃப்டி எனப்படும் பாய்மக் கணிப்பு. தண்ணீர் ஓடும் இடத்தை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் வேகமும் அழுத்தமும் எவ்வளவு என்று கணினி கணக்கிட்டுச் சொல்லும். அந்த எண்களைப் படமாக்கிக் காட்டுவதற்குத் தனி மென்பொருள்கள் இருக்கின்றன.

பெரிய ஆலைகள் மட்டும் செய்கிற வேலையாக இது இன்று இல்லை. 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கி இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருப்பது, 1951இல் வந்த பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி, 1956இல் வந்த சிஐடி என்று ஆரம்பித்த வரிசை, இப்போது ஊரைச் சுற்றிய எல்லாச் சாலைகளிலும் நீண்டு கிடக்கிறது. பம்பு, வார்ப்படம், ஜவுளி இயந்திரம் என்று இறுதியாண்டுத் திட்டம் எதை எடுத்தாலும் எங்கேயோ ஓர் இடத்தில் முப்பரிமாணப் படம் ஒன்று திரையில் திரும்ப வேண்டியிருக்கிறது. திரும்ப மறுப்பதும் அங்கேதான். இரவெல்லாம் ஓடிய கணக்கு காலையில் முடிந்திருக்கும். கோப்பைத் திறந்து மவுஸை இழுத்தால் படம் இரண்டு நொடி யோசித்து ஒரே தாவலில் வேறு கோணத்துக்குப் போய் நிற்கும்.

அடுத்து நடப்பதும் பழகிய கதைதான். காந்திபுரத்தில் பஸ் இறங்கி, சுற்று வட்டாரத் தெருக்களில் இருக்கும் கம்ப்யூட்டர் கடை ஒன்றில் ஏறி, “ஏனுங்க, கிராபிக்ஸ் கார்டு மாத்தினா சரியாயிடுங்களா?” என்று கேட்பது. சில சமயம் சரியாகிவிடும். பல சமயம், காசு கொடுத்து வாங்கிய லேப்டாப்புக்குள் ஏற்கெனவே இருக்கிற கார்டு வேலையே இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். இன்னும் பல சமயம், தாமதத்துக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

இதை எரிச்சல் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. தட்டையான திரையில் ஒரு வடிவத்தின் ஆழத்தைக் கண் பிடிப்பது பெரும்பாலும் அது நகரும்போதுதான். கிட்டே இருப்பது வேகமாகவும் எட்ட இருப்பது மெதுவாகவும் நகர்வதை வைத்து மூளை கணக்குப் போடுகிறது. படம் திரும்பாவிட்டால் அந்தக் கணக்கு நடக்காது. திருப்பிப் பார்க்கத் தயங்கும் மாணவர், முதலில் திரையில் வந்த கோணத்தையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அறிக்கையில் ஒட்டிவிடுகிறார். இறக்கையின் பின்புறத்தில் இருந்த சுழல் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

சென்னையில் பிறந்த மாயாவி

இந்த மென்பொருள் உலகத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு நேரடிப் பங்கு உண்டு. சென்னை ஐஐடியின் விண்வெளிப் பொறியியல் துறையில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பிரபு ராமச்சந்திரன், தன் பாய்மக் கணக்குகளின் முடிவைப் பார்ப்பதற்காக எழுதத் தொடங்கிய மென்பொருள்தான் மாயாவி. 2001 ஆகஸ்டில் இந்திய வானூர்திச் சங்கத்தின் சிஎஃப்டி கருத்தரங்கில், சிஎஃப்டி தரவைப் பார்க்க உதவும் இலவசக் கருவி என்று அது அறிமுகமானது. பைதான் மொழியில் நாலு வரி எழுதத் தெரிந்தால் முப்பரிமாணப் படம் வரும் என்பதால் உலகம் முழுக்க ஆய்வகங்களில் இடம் பிடித்தது. பிரான்சைச் சேர்ந்த கயேல் வரோக்கோவுடன் சேர்ந்து அவர் எழுதிய விரிவான கட்டுரை 2011இல் வெளிவந்தது. பிரபு ராமச்சந்திரன் இன்று மும்பை ஐஐடியில் பேராசிரியர்.

மாயாவிக்கு அடியில் படம் வரையும் வேலையைச் செய்வது விடிகே என்ற நூலகம். அது 1993இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் எழுதியது. கோவைக் கல்லூரிகளில் பாய்மக் கணக்கு போடும் ஓபன்ஃபோமுக்குத் துணையாக, அதன் முடிவைப் படமாக்கிக் காட்டும் பாராவியூவும் அதே விடிகேயின் மேல் நிற்பதுதான். அதனால் மாயாவியில் படம் திக்குவதற்கான காரணங்களில் முக்கால்வாசி பாராவியூவுக்கும் பொருந்தும். மூலக்கூறுகளைக் காட்டும் விஎம்டி, பைமால் போன்றவை வேறு குடும்பம் என்றாலும் அவற்றுக்கும் வரும் நோய் ஏறக்குறைய இதே நோய்தான்.

ஒரு படம் திரைக்கு வரும் வழி

திரையில் ஒரு படம் வருவதற்கு முன் தரவு நான்கு கட்டம் கடக்கிறது. முதலில் வட்டிலிருந்து கோப்பு நினைவகத்துக்கு வர வேண்டும். இரண்டாவது, அந்த எண்களிலிருந்து வெட்டுமுகம், ஓட்டக்கோடு, சம அழுத்தப் பரப்பு போன்ற வடிவங்களைச் சிபியு உருவாக்க வேண்டும். மூன்றாவது, அந்த வடிவங்கள் முக்கோணங்களாக மாறி கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்துக்குப் போக வேண்டும். நான்காவது, கார்டு அந்த முக்கோணங்களைப் புள்ளிகளாக்கித் திரையில் நிரப்ப வேண்டும். நொடிக்கு 60 படம் ஓட வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி.

படத்தைத் திருப்பும்போது முதல் மூன்று கட்டங்களும் திரும்ப நடக்கத் தேவையில்லை. வடிவம் மாறவில்லை, பார்க்கும் கோணம்தான் மாறுகிறது. ஆகவே திருப்பும்போது மட்டும் திக்கினால் கோளாறு நான்காவது கட்டத்தில். திருப்புவது நன்றாக இருந்து, கணக்கின் அடுத்த கணத்துக்கு, அதாவது அடுத்த நேரப்படிக்குப் போகும்போதோ வெட்டுமுகத்தை நகர்த்தும்போதோ நின்றுபோனால் கோளாறு முதல் இரண்டில். எந்தக் கருவியும் இல்லாமல், மவுஸ் ஒன்றை வைத்தே செய்யக்கூடிய இந்தச் சோதனை பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். மீதியை எண்ணாகவே பார்க்க விரும்பினால் பாராவியூவின் டூல்ஸ் மெனுவில் டைமர் லாக் இருக்கிறது. கோப்பு படிக்க எத்தனை நொடி, வெட்டுமுகம் போன்ற வடிவங்களை எடுக்கும் எந்த ஃபில்டருக்கு எத்தனை, வரைய எத்தனை என்று வரிவரியாகக் காட்டும்.

அடுத்த சோதனை ஜன்னலைச் சுருக்குவது. படம் தெரியும் ஜன்னலைக் கால்வாசி அளவுக்குக் குறைத்துவிட்டு மறுபடி திருப்பிப் பார்க்க வேண்டும். சட்டென்று வேகம் கூடினால் கார்டு திணறுவது புள்ளிகளை நிரப்புவதில். வேகம் மாறவே இல்லையென்றால் முக்கோணங்கள் அதிகம். புதிதாக 4கே மானிட்டர் மாட்டிய ஆய்வகங்களில் முதல் வகைத் திணறல் அடிக்கடி வரும். 1920க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். 3840க்கு 2160 திரையில் 82,94,400. மானிட்டரை மட்டும் மாற்றினாலும் கார்டுக்கு வேலை நாலு மடங்கு ஆகிவிடுகிறது.

யார் வரைகிறார்கள்?

திருப்பும்போது திக்குகிறது என்று உறுதியானதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, படத்தை உண்மையில் வரைவது யார் என்பதே. பாராவியூவில் ஹெல்ப் மெனுவின் அபவுட் பக்கத்தைத் திறந்தால் ஓபன்ஜிஎல் ரெண்டரர் என்று ஒரு வரி இருக்கும். லினக்ஸில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ என்ற கட்டளையும் அதைச் சொல்லும். அந்த வரியில் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் என்று ஏதாவது ஒரு சில்லின் பெயர் இருக்க வேண்டும். எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கார்டு இந்த ஆட்டத்திலேயே இல்லை என்று பொருள். லினக்ஸில் டிரைவர் சரியாக அமையாதபோது மெசா என்ற நூலகம் சிபியுவை வைத்தே படம் வரையும். அப்படி வரையும் பகுதிக்குத்தான் அந்தப் பெயர். ஒவ்வொரு முக்கோணத்தையும் சிபியு கணக்குப் போட்டு நிரப்பிக்கொண்டிருக்கும்போது படம் திக்காமல் என்ன செய்யும்?

விண்டோஸில் இதற்கு நிகரான பெயர் ஜிடிஐ ஜெனரிக். டிரைவர் போடாத கணினியிலும், விடுதியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஆய்வகக் கணினிக்குள் நுழையும்போதும் அது தலைகாட்டுவது உண்டு. மென்பொருள் கார்டிடம் பேசும் இடைமுகமான ஓபன்ஜிஎல்லில் அது தருவது 1997இல் வந்த 1.1 பதிப்பு மட்டுமே. பழைய மென்பொருள்கள் அதில் ஊர்ந்தாவது ஓடும். புதியவை திறக்கவே மறுக்கும், அல்லது மெசாவுக்கு மாறிக்கொள்ளும்.

லேப்டாப்பில் இன்னொரு சிக்கல். மின்சாரம் மிச்சப்படுத்துவதற்காக இன்டெல் சில்லு ஒன்றும் என்விடியா கார்டு ஒன்றும் சேர்ந்தே இருக்கும். ஆப்டிமஸ் என்ற பெயரில் 2010இல் என்விடியா கொண்டுவந்த ஏற்பாடு இது. எந்த மென்பொருளுக்கு எந்தச் சில்லு என்பதை டிரைவர் தானாக முடிவு செய்கிறது. பிரபலமான விளையாட்டுகளுக்குச் சரியாகவே முடிவு செய்யும். அறிவியல் மென்பொருளை அது அடையாளம் காணாமல் சின்னச் சில்லிடமே விட்டுவிடுவது உண்டு. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படத்தைத் திருப்பினால் உண்மை தெரிந்துவிடும். சின்னச் சில்லான ஜிபியு 0 மலையேறிக்கொண்டிருக்க, கார்டான ஜிபியு 1இன் கோடு தரையோடு படுத்திருக்கும்.

விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராபிக்ஸ் என்று போய் அந்த மென்பொருளுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று ஒதுக்கினால் இது தீரும். மாயாவி பயன்படுத்துபவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். பட்டியலில் மாயாவி என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அது பைதானுக்குள் ஓடும் நூலகம். ஒதுக்க வேண்டியது பைதான்.எக்ஸ்இ என்ற கோப்புக்கு. அனகோண்டாவில் பாடத்துக்கு ஒரு சூழல் என்று வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சூழலிலும் இருக்கும் பைதானுக்குத் தனித்தனியாக ஒதுக்க வேண்டும். சார்ஜரைக் கழற்றினால் பல லேப்டாப்புகள் கார்டின் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது.

மென்பொருளின் வயதும் ஒரு காரணம். விடிகே முதலில் எழுதப்பட்ட காலத்தில் முக்கோணத்தின் முனைகளைப் பெரும்பாலும் சிபியுதான் கார்டுக்கு எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தது. திருப்பூருக்குப் போக வேண்டிய நூல் கோன்களை லாரியில் ஏற்றாமல் ஒவ்வொன்றாகக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதற்குச் சமம் அது. கார்டின் நினைவகத்தில் வடிவத்தை ஒரே தடவையில் இறக்கிவைத்துவிட்டு, பிறகு கோணத்தை மட்டும் சொல்லும் முறைக்கு விடிகேயின் படம் வரையும் பகுதி முழுதாக மாற்றி எழுதப்பட்டது. 2016 ஜனவரியில் வந்த பாராவியூ 5.0 அதைத்தான் பயன்படுத்துகிறது. ஆய்வகக் கணினியில் அதற்கு முந்திய பதிப்பு இன்னும் இருந்தால், கார்டு வாங்குவதற்கு முன் இலவசமாகச் செய்யக்கூடிய வேலை அதை மாற்றுவது.

ஒரு லட்சம் உருண்டைகள்

சரியான கார்டுதான் வரைகிறது, ஆனாலும் திக்குகிறது என்றால் முக்கோணங்களை எண்ண வேண்டும். இங்கே உள்ளுணர்வு ஏமாற்றும். 1 கோடிக் கட்டங்கள் கொண்ட மெஷ் என்றால் 1 கோடிக்கு மேல் முக்கோணம் என்று தோன்றும். அப்படியில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் 215 கட்டம் கொண்ட கனசதுரத்தில் ஏறத்தாழ 99 லட்சம் கட்டங்கள் இருக்கின்றன. ஆனால் வெளியே தெரிவது ஆறு முகங்கள் மட்டுமே. பாராவியூ அவற்றை மட்டும்தான் வரையும். அது ஏறக்குறைய 5.5 லட்சம் முக்கோணம். சாதாரண கார்டுக்கே அது பெரிய பாரமில்லை.

பாரம் வேறு இடத்திலிருந்து வருகிறது. மாயாவியில் புள்ளிகளைக் காட்டும் பாயிண்ட்ஸ்3டி என்ற கட்டளை, எதுவும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு உருண்டையாக வரையும். உருண்டையின் நுணுக்கம் 8 என்று முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. அந்த நுணுக்கத்தில் ஒரு உருண்டைக்கு 96 முக்கோணம். ஒரு லட்சம் துகள்களை வரைந்தால் 96 லட்சம். உருண்டைகள் சொரசொரப்பாகத் தெரிகிறதே என்று நுணுக்கத்தை 16 ஆக்கினால் ஒரு உருண்டைக்கு 448 முக்கோணம், மொத்தம் 4 கோடியே 48 லட்சம். திரையில் அந்த உருண்டை ஒவ்வொன்றும் பிடிக்கும் இடமோ நாலைந்து புள்ளிதான். அதே கட்டளையில் மோட் என்ற இடத்தில் பாயிண்ட் என்று போட்டால் உருண்டைக்குப் பதில் வெறும் புள்ளி வரும். மாஸ்க் பாயிண்ட்ஸ் என்பதற்கு 10 கொடுத்தால் பத்தில் ஒன்றை மட்டும் வரையும். கூட்டம் எங்கே அடர்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு அது தாராளமாகப் போதும்.

ஓட்டக்கோடுகளும் இதே வகை. இம்பெல்லருக்குள் 500 ஓட்டக்கோடுகள், ஒவ்வொன்றிலும் 1,000 புள்ளிகள் என்று வைத்துக்கொண்டால் கோடாக வரைவது கார்டுக்கு ஒரு பொருட்டே அல்ல. அறிக்கையில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அவற்றை ஆறு பக்கக் குழாய்களாக மாற்றினால், ஒவ்வொரு துண்டுக்கும் 12 முக்கோணம் வீதம் 60 லட்சம் ஆகிவிடும். திருப்பித் திருப்பி ஆராயும்போது கோடாகவும், கடைசிப் படம் எடுக்கும்போது குழாயாகவும் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்த வழி. டெசிமேட் ஃபில்டர் போட்டு முக்கோணங்களைக் குறைக்கலாம். ஆனால் அது இறக்கையின் கூரான முன்விளிம்பைத் தட்டிவிடக்கூடும். அப்படிக் குறைத்த பரப்பைப் பார்க்கலாமே தவிர, அதில் அளவு எடுக்கக் கூடாது.

ஊடுருவித் தெரியும் பரப்புகளுக்குத் தனி விலை உண்டு. பம்பின் வெளிக்கூடான கேசிங்கைக் கண்ணாடியாக்கி உள்ளே இம்பெல்லரைக் காட்டுவது கோவை பம்புப் படங்களில் எல்லாரும் விரும்பிச் செய்வது. ஒளி புகாத பரப்பென்றால் முன்னால் இருப்பதை வைத்துக்கொண்டு பின்னால் இருப்பதைக் கார்டு தூக்கி எறிந்துவிடும். ஊடுருவும் பரப்பென்றால் எது முன்னால், எது பின்னால் என்ற வரிசை பிசகாமல் எல்லாவற்றையும் கலக்க வேண்டும். அதற்காக ஒரே காட்சியை அடுக்கடுக்காகப் பல தடவை வரையும் முறையை விடிகே கையாள்கிறது. கேசிங்கின் ஒளிபுகாத்தன்மையை 0.3லிருந்து 1க்கு மாற்றிவிட்டுத் திருப்பிப் பார்த்தால் இந்த விலை எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடும். ஆராயும் நேரத்தில் கேசிங்கைப் பாதியாக வெட்டிவிட்டால் உள்ளே இருப்பதும் தெரியும், வேகமும் திரும்பி வரும்.

அசைபடம் ஓட ஓட மெதுவாவது இன்னொரு புகார். முதல் பத்து நேரப்படி நன்றாக ஓடி, ஐம்பதாவதில் இழுக்க ஆரம்பிக்கும். மாயாவியில் இதற்குப் பெரும்பாலும் காரணம், சுழற்சிக்குள் வரையும் கட்டளையே திரும்பத் திரும்ப அழைக்கப்படுவது. ஒவ்வொரு அழைப்பும் பழைய வடிவத்தை அழிக்காமல் புதிதாக ஒன்றை மேலே சேர்க்கிறது. நூறாவது படத்தில் நூறு அடுக்கு இருக்கும். ஒரு தடவை வரைந்துவிட்டு, எம்லேப் சோர்ஸ் வழியாக எண்களை மட்டும் மாற்றுவதே அந்த மென்பொருளின் ஆவணம் சொல்லும் முறை. பல வடிவங்களை ஒரே காட்சியில் சேர்க்கும்போது டிசேபிள் ரெண்டர் என்பதை இயக்கிவிட்டுச் சேர்த்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை வரையாமல் கடைசியில் ஒரே தடவை வரையும்.

கார்டுக்கு வெளியே இருக்கும் தாமதம்

அடுத்த நேரப்படிக்குப் போகும்போது காத்திருக்க வேண்டியிருக்கிறதா? அப்படியானால் எவ்வளவு விலையுயர்ந்த கார்டும் உதவாது. ஓபன்ஃபோமின் பயிற்சிக் கணக்குகளை நகலெடுத்துத் தொடங்கும் மாணவர்கள், கண்ட்ரோல்டிக்ட் கோப்பில் ரைட்ஃபார்மட் என்ற வரி ஆஸ்கி என்று இருப்பதைக் கவனிப்பதில்லை. நினைவகத்தில் 4 பைட் பிடிக்கும் ஒரு எண், ஆஸ்கி எழுத்தாக எழுதப்படும்போது பத்து எழுத்துக்கு மேல்கூடப் போகும். அதைத் திரும்பப் படிக்கும்போது எழுத்தை எண்ணாக்கும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஒரு சொல்லைப் பைனரி என்று மாற்றினால் கோப்பும் சுருங்கும், படிக்கும் நேரமும் குறையும்.

நினைவகக் கணக்கு இன்னும் நுட்பமானது. 1 கோடிக் கட்டத்தில் அழுத்தம் ஒன்றை மட்டும் வைக்க 40 மெகாபைட் போதும். சீரான கட்டங்களால் ஆன தரவென்றால் ஒவ்வொரு கட்டமும் எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டியதில்லை. தொடக்கமும் இடைவெளியும் தெரிந்தால் போதும். அந்தத் தரவில் த்ரெஷோல்டு ஃபில்டரைப் போட்டு, இந்த அழுத்தத்துக்கு மேல் உள்ள கட்டங்கள் மட்டும் வேண்டும் என்று கேட்டவுடன், சீர் கலைந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் எட்டு மூலைகளின் எண்களையும் எழுதி வைக்க வேண்டியதாகிறது. ஒரு எண்ணுக்கு 8 பைட் வீதம் ஒரு கட்டத்துக்கு 64 பைட். எல்லாக் கட்டங்களும் தேறினால் இதற்கு மட்டுமே 640 மெகாபைட், மூலைகளின் இருப்பிடங்களுக்கு இன்னும் 120. 8 ஜிபி லேப்டாப்பில் பிரௌசரும் திறந்திருக்கும்போது இப்படி மூன்று நான்கு ஃபில்டர்களை அடுக்கினால் நினைவகம் நிரம்பி, கணினி வட்டை நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். அதன் பிறகு மவுஸ்கூட நகராது. முதலில் வெட்டுமுகம் எடுத்து, அந்தச் சின்னத் துண்டின் மேல் மற்ற ஃபில்டர்களைப் போடுவது இதற்கு மருந்து. பரப்பைச் சுருக்கும் ஃபில்டர் முன்னால், கணக்குப் போடும் ஃபில்டர் பின்னால்.

இத்தனையும் பார்த்த பிறகும் திக்கினால் கார்டு வாங்கத்தான் வேண்டும். எடுத்துக்காட்டாக, வங்கக் கடலின் உப்பும் ஓட்டமும் எப்படி நகர்கின்றன என்று பார்ப்பதற்காகப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தார் பாராவியூவின் மேல் பைபாராஓஷன் என்ற கருவியை எழுதியிருக்கிறார்கள். கடல் அளவுள்ள தரவுக்குப் பெரிய இயந்திரம் தேவைப்படுவதில் ஆச்சரியமில்லை. வாங்கும்போது விளையாட்டில் எத்தனை ஃப்ரேம் வரும் என்ற கணக்கைவிடக் கார்டின் நினைவகம் எத்தனை ஜிபி என்பதே அறிவியல் தரவுக்கு முதல் கேள்வி.

கல்லூரித் துறைகள் கணினிக்கு ஒரு கார்டு என்று வாங்க வேண்டியதும் இல்லை. பாராவியூவை இரண்டாகப் பிரித்து ஓட்டலாம். தரவும் கார்டும் இருக்கும் ஒரே கணினியில் பிவிசர்வர் ஓடும்; மாணவரின் சாதாரண லேப்டாப்பில் மெனுவும் படமும் மட்டும் இருக்கும். ஜிகாபைட் கணக்கில் இருக்கும் தரவு இடம் பெயராது. வரைந்து முடித்த படம் மட்டுமே வலைப்பின்னலில் வரும். 1920க்கு 1080 அளவில் அது சுருக்காமலே சுமார் 6 மெகாபைட், சுருக்கினால் அதைவிட வெகு குறைவு. இரண்டு பக்கமும் பாராவியூ ஒரே பதிப்பாக இருக்க வேண்டும், கல்லூரி ஃபயர்வாலில் 11111 என்ற போர்ட் திறந்திருக்க வேண்டும். மாணவர் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு போர்ட் எண்ணில் ஒரு பிவிசர்வர் ஓட்டினால், நினைவகம் தாங்கும் வரை ஒரே கார்டில் பலருடைய இம்பெல்லர்களும் ஒரே நேரத்தில் சுழலும்.